ஸ்டாம்பிங்குக்கு மெக்சிகோ

2025 செப்டம்பர் 6ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறை சில பத்திகளில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வேலை, படிப்பு, சுற்றுலா என்று எந்தத் தற்காலிக விசாவாக இருந்தாலும், இனி சொந்த நாட்டிலோ முறைப்படி வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு நேரம் வாங்க வேண்டும். வேறு நாட்டில் முயன்றால் விசா கிடைப்பது கடினம், கட்டிய கட்டணமும் திரும்ப வராது. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் அதை ஒரே வரியில் புரிந்துகொண்டார்கள்: மெக்சிகோ ஸ்டாம்பிங் (அங்கே போய்ப் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா வாங்குவது) முடிந்தது.

அதிலிருந்து எனக்கு அவ்வப்போது அழைப்பு வருகிறது. "அண்ணா, நீங்க போயிட்டு வந்தவர்தானே, இன்னும் ஏதாவது வழி இருக்கா?" வேலை போனவர்கள், எச்-1பி வேலை விசாவில் கம்பெனி மாற்றம் மறுக்கப்பட்டவர்கள், எப்படியாவது ஒரு கல்லூரியில் ஐ-20 என்ற சேர்க்கைத் தாளை வாங்கி எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள். வழி இல்லை என்று சொல்கிறேன். திறந்திருந்தபோதும் அது இவர்களுக்கான வழியாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூன்றாம் நாட்டில் விசா வாங்குவது காகிதம் சுத்தமாக இருப்பவனுக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அவனுக்கு அலைச்சல் கூடும், விசா போய்விடாது. உயிரைக் கொடுத்தாவது அந்த வழியில் போக நினைப்பவன் சிக்கலில் இருப்பவன். அந்த வழியில் மாட்டிக்கொள்பவனும் அவன்தான்.

தியுவானா, நோகாலஸ், சியுதாத் ஹுவாரெஸ், மத்தாமோரோஸ். டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் குடியிருந்த தமிழர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் பழக்கம். எச்-1பி நீட்டிப்பு கிடைத்தாயிற்று, பாஸ்போர்ட்டில் உள்ள விசாவுக்கு மட்டும் தேதி முடிந்துவிட்டது என்றால், சென்னைக்கு ஒரு மாத லீவு போட்டுப் பறப்பதற்குப் பதிலாக எல்லை தாண்டி ஒரு நாள் கைரேகை, மறுநாள் நேர்காணல், பாஸ்போர்ட் வந்ததும் திரும்பல் என்று முடித்துக்கொள்வார்கள். வாரத் தொடக்கத்தில் போய் வார இறுதிக்குள் வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் மற்றவர்களும் கிளம்பினோம்.

என் கதை 2018இல் நடந்தது. அந்த ஆண்டின் சூழலைச் சொன்னால்தான் இது புரியும். 2017 ஏப்ரலில் 'அமெரிக்கப் பொருளை வாங்கு, அமெரிக்கரை வேலைக்கு எடு' என்ற அரசாணை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், முன்பு ஒப்புதல் கொடுத்த அதே வேலைக்கு நீட்டிப்பு கேட்டாலும் பழைய ஒப்புதலை மதிக்க வேண்டியதில்லை, புதிதாகப் பார் என்று அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். 2018 பிப்ரவரி 22இல் வந்த குறிப்பாணை எங்களைப் போன்ற கன்சல்டன்சி ஆட்களின் கழுத்தில் நேராக விழுந்தது. சம்பளம் கொடுக்கும் கம்பெனி ஒன்று, உட்கார்ந்து வேலை செய்யும் இடம் வேறு என்றால், விசா கேட்கும் காலம் முழுவதற்கும் அங்கே திட்டவட்டமான வேலை இருக்கிறது என்று ஒப்பந்தத்தோடு காட்ட வேண்டும். புதிய வேலைக்கான எச்-1பி மனுக்களில் 2015இல் நூற்றுக்கு 6 மறுக்கப்பட்டன. 2018இல் அது 24. (அந்தக் குறிப்பாணையை ஒரு வழக்கில் நீதிமன்றம் ஏற்க மறுத்து, 2020 ஜூனில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் ஊருக்குப் போனவர்கள் போனவர்கள்தான்.)

பழைய ப்ராஜெக்ட் முடிந்து நான் வேறொரு சின்ன கம்பெனிக்கு மாறியிருந்தேன். மனுவின் ரசீதை வைத்து வேலையைத் தொடங்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. டாலஸ் பக்கத்தில் ஒரு பெரிய க்ளையண்ட், அவர்களுக்கும் எனக்கும் நடுவே இரண்டு வெண்டர்கள். குடியேற்றத் துறையிடமிருந்து கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்ஈ வந்தது: க்ளையண்ட் லெட்டர் கொடு. க்ளையண்டைக் கேட்டால், 'எங்களுக்கு உன் கம்பெனியே யாரென்று தெரியாது, மேலே உள்ள வெண்டரைக் கேள்.' வெண்டரைக் கேட்டால், 'அப்படிக் கடிதம் தரும் வழக்கம் இல்லை.' தினமும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை வாங்கியவர், நான் அங்கே வேலை செய்கிறேன் என்று ஒரு தாளில் எழுதித் தர முடியாது. மே மாதம் மறுப்பு வந்தது. அன்று மதியமே லேப்டாப்பை ஒப்படைத்தேன்.

எந்தத் தேதிவரை அமெரிக்காவில் தங்கலாம் என்று காட்டும் ஐ-94இல் இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இடத்தில்தான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். 2017 ஜனவரி முதல் வேலை இழந்த எச்-1பிக்காரருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஐ-94 தேதி அதற்கு முன்பே முடிந்தால் அவகாசமும் அன்றே முடிந்துவிடும். ஐ-94ஐத் தாண்டி ஒரே ஒரு நாள் தங்கினால்கூட 222(ஜி) என்ற பிரிவு வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா தானாகவே செல்லாததாகிவிடும். அடுத்த விசாவைச் சொந்த நாட்டில்தான் வாங்க வேண்டும், அபூர்வமான விதிவிலக்குகள் தவிர. அதாவது மூன்றாம் நாட்டுக் கதவு சிக்கலில் இருந்த பாதிப் பேருக்கு 2025க்கு முன்பே சட்டப்படி மூடியிருந்தது. அவர்களில் பலர் இது தெரியாமலே எல்லை தாண்டியிருக்கிறார்கள். 180 நாளுக்கு மேல் போனால் மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டு ஆனால் பத்தாண்டு. அது தனிக் கதை.

டெக்சஸிலேயே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் எம்எஸ் இடம் கிடைத்தது. வகுப்பு ஆகஸ்ட் கடைசியில். நாட்டைவிட்டுப் போகாமலேயே எஃப்-1க்கு மாற ஐ-539 என்ற விண்ணப்பம் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் முடிவு வர மாதக்கணக்காகும். அப்போதைய விதிப்படி வகுப்புத் தொடங்குவதற்கு 30 நாள் முன்பு வரை ஏதாவது ஒரு செல்லுபடியாகும் நிலையில் இருந்தாக வேண்டும். இடைவெளி விழுந்தால் அதை அடைக்க பி-2 சுற்றுலா நிலைக்கு இன்னொரு விண்ணப்பம், அதற்கும் தாமதமானால் மேலும் ஒன்று. 2021 ஜூலையில் இந்தக் கூத்தை நிறுத்திவிட்டார்கள். 2018இல் வக்கீல் சொன்னது, "வெளியே போய் எஃப்-1 ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு உள்ளே வா. அதுதான் சுத்தம்."

வெளியே என்றால் எங்கே? சென்னை என்றுதான் அவர் நினைத்துச் சொன்னார். நான் மெக்சிகோ என்று எடுத்துக்கொண்டேன். ஜூன், ஜூலை மாதங்களில் சென்னையில் மாணவர் கூட்டம், ஸ்லாட் கிடைக்காது என்பது ஒரு காரணம். வீடு, கார், சாமான்கள் எல்லாம் டாலஸில் கிடக்கின்றன என்பது இன்னொன்று. பழைய கம்பெனியின் எச்-1பி விசா பாஸ்போர்ட்டில் இன்னும் தேதியோடு இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. இதெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். மனைவியையும் மகளையும் பள்ளி விடுமுறை என்று சொல்லி லால்குடிக்கு அனுப்பியிருந்தேன். நானும் பின்னாலேயே போய் இறங்கினால் தெருவில் பார்ப்பவர்களெல்லாம் "எப்ப திரும்பறீங்க தம்பி?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போக விரும்பினேன்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. "ஏம்ப்பா, நீ இந்தியாக்காரன், படிக்கப் போறது அமெரிக்காவுல. நடுவுல மெக்சிகோவுக்கு என்ன வேலை?" நாற்பது நிமிடம் விளக்கினேன். கடைசியில், "சரி, அங்க சாப்பாடு கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

ஐ-20 வாங்கும்போதே இதைத் தொழிலாகச் செய்யும் தரகர்கள் வந்துவிடுவார்கள். "டே ஒன் சிபிடி காலேஜ் இருக்கு சார், சேர்ந்த அன்னிக்கே வேலை பாக்கலாம், க்ளாஸ் மாசத்துல ஒரு வீக்கெண்ட்." (சிபிடி என்பது படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி.) நான் விண்ணப்பித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற ஒன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆசிரியரும் கிடையாது, வகுப்பும் கிடையாது. குடியேற்ற அமலாக்கத் துறையே ரகசியமாக நடத்திய பொறி அது என்று 2019 ஜனவரியில் வெளிவந்தது. சேர்ந்தவர்கள் சுமார் 600 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். 2011இல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நம் மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை கட்டிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அப்படியும் எட்டே வருடத்தில் மறந்திருந்தோம். முறையான கல்லூரிகளிலும் சிபிடி உண்டு, அதில் தவறில்லை. ஆனால் வேலை விசா போன கையோடு, வேலை பார்ப்பதற்காகவே ஒரு கல்லூரியைப் பிடித்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் விசா அதிகாரிக்கு ஐ-20இன் பெயரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு நண்பன் ஒருவன் வந்து என் கார் டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தை, எடுத்து மேசையில் வைத்தான். "மாப்ளே, இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. திரும்பி வந்தா கிழிச்சுப் போட்டுக்கலாம்." பவர் ஆஃப் அட்டர்னியும் நோட்டரியிடம் கொடுத்து வாங்கியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் போட்டேன். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அவனுக்குப் புரிந்திருந்தது, மெக்சிகோவில் மறுத்துவிட்டால் அமெரிக்காவுக்குள் திரும்ப வர முடியாது என்பது. விசா முடிந்தவர்கள் 30 நாளுக்குள் கனடா, மெக்சிகோ போய்வந்தால் ஐ-94ஐக் காட்டி உள்ளே வரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. 2002 ஏப்ரலுக்கு முன்பு அங்கே விசா கேட்டு மறுத்தாலும்கூட அதே விதியில் திரும்பிவிடலாம். செப்டம்பர் 11க்குப் பிறகு அதை மாற்றினார்கள்: அந்தப் பயணத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் விசாவோடுதான் திரும்பலாம். எச்-1பி வேலை கையில் இருப்பவனே 221(ஜி), அதாவது முடிவு நிறுத்திவைப்பு, என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் ஹோட்டல் அறையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியதுதான். வேலையே இல்லாத எனக்கு அந்த விதியில் இடமே இல்லை.

நான் போன ஊர் மேலே சொன்னவற்றில் ஒன்று. எது என்பது முக்கியமில்லை. பாலத்தின் மேல் நடந்தே போனேன். மெக்சிகோ பக்கம் யாரும் நிறுத்தவில்லை. நானாகத் தேடிப்போய் சுற்றுலாச் சீட்டு எழுதி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஹோட்டலில் பாதிப் பேர் விசாவுக்கு வந்தவர்கள். காலை உணவு மேசையில் தெலுங்கு, இந்தி, ஸ்பானிஷ். கான்சுலேட்டுக்குள் செல்போன் கூடாது, வாசலில் பத்திரமாக வைத்துக்கொள்ள சில பெசோ கேட்கும் கடைகள். சென்னையில் ஜெமினி பக்கத்து அமெரிக்கத் தூதரக வாசலில் பார்த்த அதே தொழில்.

கையில் ஒரு பெரிய கோப்பு. லால்குடி வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அப்பாவின் பென்ஷன் புத்தகம், ஆடிட்டர் போட்ட சொத்து மதிப்பீடு, என் வங்கிக் கணக்கு, ஐ-20. நேர்காணல் மூன்று நிமிடம் இருக்கலாம். கோப்பை அதிகாரி கேட்கவே இல்லை.

எத்தனை வருடமாக அமெரிக்காவில் இருக்கிறாய் என்றார். சொன்னேன். மனைவி? ஊரில். குழந்தை எங்கே பிறந்தது? டெக்சஸ். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு ஏன் படிப்பு? தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன், மோசமான பதில் இல்லை. எச்-1பி என்ன ஆயிற்று? மறைக்கவில்லை, மனு மறுக்கப்பட்டது என்றேன். அது அவர் திரையில் ஏற்கெனவே இருந்திருக்கும். சென்னையில் ஏன் விண்ணப்பிக்கவில்லை? இங்கே பக்கம் என்றேன். கடைசியாக, படித்து முடித்து எங்கே போவாய்? இந்தியாவுக்கு.

ஒரு தாளை நீட்டினார். விசா மறுப்பு, பிரிவு 214(பி). பழைய எச்-1பி விசாவின் மேல் ரத்து என்று அடித்திருந்தது.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் யோசித்திருப்பேன். எச்-1பியில் இருப்பவன் க்ரீன் கார்டுக்கு ஆசைப்படலாம், சட்டம் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. எஃப்-1 அப்படியில்லை. சொந்த நாட்டில் விட்டுவர மனமில்லாத ஒரு வீடு இருக்க வேண்டும், குடியேற வரவில்லை என்று நிரூபிக்கும்வரை எல்லோரும் குடியேற வந்தவர்கள் என்றே கருத வேண்டும் என்கிறது 214(பி). நேற்றுவரை இங்கே இருக்க வக்கீல் வைத்துப் போராடியவன், இன்று நான் போகவே வந்தேன் என்கிறான். ஊருக்குப் போக மனமிருப்பவன் ஊருக்கே போய் விண்ணப்பித்திருக்கலாமே? மெக்சிகோவில் நிற்பதே எனக்கு எதிரான சாட்சியாக ஆகிவிட்டது. என் நண்பர் ஒருவர் நிலை இன்னும் மோசம். பழைய கம்பெனி அவருக்கு க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனுவில் ஒப்புதல் வாங்கியிருந்தது. இந்தியர்களுக்கான ஈபி-2 க்ரீன் கார்டு வரிசை அப்போது 2009 தொடக்கத்தில் மனுப் போட்டவர்களைத் தாண்டவில்லை, அவர் முறை எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. இருந்தும் விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160இல் 'உனக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா' என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வியும் குழப்பும்: 'எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா?' எச்-1பி மனு மறுக்கப்படுவது விசா மறுப்பு ஆகாது, அதற்கு இல்லை என்று எழுதலாம். 214(பி) தாள் வாங்கிய பிறகு வாழ்நாள் முழுக்க ஆம்.

திரும்பும் வழியும் லேசில்லை. ஐநூறு மீட்டரில் டெக்சஸ் தெரிகிறது, ஆனால் அமெரிக்க விமான நிலையம் வழியாக மாறிப்போகக்கூட விசா வேண்டும். ஃபிராங்ஃபர்ட் வழி என்றால் ஜெர்மனி அப்போது இந்தியர்களிடம் ட்ரான்சிட் விசா கேட்டது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு, என்னிடம் இருந்ததில்தான் ரத்து முத்திரை. மெக்சிகோ சிட்டி, ஆம்ஸ்டர்டாம், டெல்லி, சென்னை என்று ஊர் வந்து சேர்ந்தேன். டாலஸில் நண்பன் காரை விற்று, வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டான். மகளின் சைக்கிள் மட்டும் அவன் வீட்டு கராஜில் இருந்தது.

கல்லூரி ஐ-20யை ஜனவரி பருவத்துக்கு மாற்றிக் கொடுத்தது. மாணவர் கூட்டம் வடிந்த பிறகு சென்னையில் விண்ணப்பித்தேன். அதே கோப்பு, அதே பதில்கள். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண் அதிகாரி மெக்சிகோ மறுப்பைப் பற்றி நேராகக் கேட்டார், ஏன் அங்கே போனாய் என்று. பக்கம் என்பதால், அவசரத்தால் என்றேன். அப்பா என்ன செய்கிறார்? ஓய்வுபெற்ற ஆசிரியர். அரசுப் பள்ளியா, பென்ஷன் வருகிறதா என்று அடுத்த கேள்வி. மெக்சிகோ எல்லையில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். லால்குடியில் சொந்த வீடும் பென்ஷனும் உள்ள ஒரு குடும்பம் என்றால் என்னவென்று சென்னையில் தினமும் நூறு தமிழரைப் பார்ப்பவருக்குத் தெரியும். எல்லையோர அதிகாரிக்கு நான் ஒரு தேதி முடிந்த மனு. வெளியுறவுத் துறையின் இப்போதைய விதிக்கு உள்நோக்கம் ஆயிரம் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த விதி தண்டிப்பது வேறு ஆட்களை: காகிதம் சரியாக இருந்தும் ஒரு ஸ்டாம்புக்காக வேலையை விட்டு மாதக்கணக்கில் இந்தியாவில் காத்துக் கிடப்பவர்களை.

விசா கொடுத்தார்கள். போனேன், படித்தேன், ஓபிடியில் (படிப்பு முடித்த மாணவருக்கான வேலை அனுமதி) வேலை பார்த்தேன். இப்போது சோழிங்கநல்லூரில் இருக்கிறேன்.

அழைப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்தான். முதலில் ஐ-94ஐ எடுத்துத் தேதியைப் பாருங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள விசா தேதியை அல்ல. அதற்குள் கிளம்புங்கள், ஒரு நாளும் தாண்ட வேண்டாம். சென்னை ஸ்லாட்டை அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள். விசாக் கட்டணம் 2025இல் 185 டாலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350. 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும், அதைக் கடைசி நிமிடத்தில் செய்யாதீர்கள். நம்பிக்கையான ஒரு ஆளிடம் கார் டைட்டிலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். 2018இல் லால்குடியில் ஒருவரும் நம்பவில்லை.